எந்திரத்தின் கண்ணும் ‘அம்பயர்ஸ் கால்’ எனும் சந்தேகமும்

2023 அக்டோபர் 27, சேப்பாக்கம். உலகக் கோப்பையில் பாகிஸ்தானும் தென்னாப்பிரிக்காவும் மோதின. இலக்கு 271. தென்னாப்பிரிக்காவின் ஒன்பது விக்கெட் போய்விட்டது, இன்னும் 8 ரன் வேண்டும். ஹாரிஸ் ரௌஃப் வீசிய பந்து, கடைசி ஆட்டக்காரர் தப்ரேஸ் ஷம்சியின் காலில் போய்ப் படுகிறது. பாகிஸ்தான் அணி மொத்தமும் கத்துகிறது. நடுவர் அலெக்ஸ் வார்ஃப் அவுட் தரவில்லை. ரிவியூ கேட்கிறார்கள். பெரிய திரையில் பந்தின் பாதை மெல்ல நீண்டு போய் லெக் ஸ்டம்பை உரசுகிறது. ஆனாலும் அவுட் இல்லை. ‘அம்பயர்ஸ் கால்’ என்று எழுத்து வருகிறது, அதாவது நடுவர் முதலில் சொன்னதே முடிவு. கொஞ்ச நேரத்தில் கேசவ் மகராஜ் ஒரு பவுண்டரி அடிக்க, தென்னாப்பிரிக்கா ஒரு விக்கெட் வித்தியாசத்தில் ஜெயித்துவிட்டது.

அன்று இரவே சண்டை ஆரம்பித்தது. ஸ்டம்பில் படுகிறது என்று எந்திரமே காட்டிய பிறகு அதெப்படி அவுட் இல்லாமல் போகும் என்று ஹர்பஜன் சிங் கேட்டார். தென்னாப்பிரிக்காவின் முன்னாள் அணித்தலைவர் கிரேம் ஸ்மித் ஒரே கேள்வியில் பதில் சொன்னார்: அப்படியானால் ராஸி வான்டர் டுசென்? அதே ஆட்டத்தில் வான்டர் டுசென் எல்பிடபிள்யூ (ஸ்டம்புக்குப் போகும் பந்தைக் காலால் மறித்ததற்கான அவுட்) ஆனதும் அம்பயர்ஸ் காலில்தான். அங்கே நடுவர் அவுட் கொடுத்திருந்தார், ரிவியூவில் பந்து ஸ்டம்பை லேசாகத் தொட்டது, அவுட் நின்றது. ஒரே விதி காலையில் ஒருவருக்கும் மாலையில் இன்னொருவருக்கும் என்று மாறவில்லை. ஒரே ஆட்டத்தில் இரண்டு பக்கமும் வெட்டியது.

விளையாட்டில் செயற்கை நுண்ணறிவு என்று பேச்செடுத்தால் பயிற்சி, காயம், ஏலக் கணக்கு என்று பல திசையில் போகலாம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது தீர்ப்பு. எந்திரம் நடுவரின் இடத்துக்கு வந்தபோது எல்லா விளையாட்டுகளுக்கும் ஒரே கேள்விதான் வந்தது: எந்திரத்துக்கும் சந்தேகம் இருக்கும், அந்தச் சந்தேகத்தை என்ன செய்வது? பெரும்பாலான விளையாட்டுகள் அதை மறைத்தன. கிரிக்கெட் அதை வெளியே எடுத்துத் திரையில் வைத்தது. அதற்காகத்தான் அது இத்தனை வருடமாகத் திட்டு வாங்குகிறது என்பது என் வருத்தம்.

முதலில் இந்தக் கருவி என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். ஹாக்-ஐ என்ற அமைப்பை இங்கிலாந்தில் உருவாக்கியவர் பால் ஹாக்கின்ஸ். செயற்கை நுண்ணறிவில் முனைவர் பட்டம் வாங்கியவர். 2001 மே மாதம் லார்ட்ஸில் நடந்த இங்கிலாந்து–பாகிஸ்தான் டெஸ்டில், சேனல் 4 தொலைக்காட்சி ஒளிபரப்பில், அது முதன்முதலாகக் களம் கண்டது. அப்போது அது நேயர்களுக்கான ஒரு வேடிக்கை மட்டுமே. தீர்ப்போடு அதற்குச் சம்பந்தம் இல்லை. 2011இல் சோனி அந்த நிறுவனத்தை வாங்கியது.

மைதானத்தைச் சுற்றி வேகமான கேமராக்கள் இருக்கும். ஒவ்வொன்றும் தன் படத்தில் பந்து எங்கே என்று தேடிப் பிடிக்கும். ஒரு கேமராவுக்குப் பந்து தெரியும், அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று தெரியாது. வேறு வேறு இடத்திலிருந்து பார்க்கும் பல கேமராக்களின் கோடுகள் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் பந்து இருக்கும் இடம். நமக்கு இரண்டு கண் இருப்பதால் தூரம் தெரிகிறதே, அதே வேலை. இப்படிக் கிடைக்கும் புள்ளிகளைக் கோத்தால் பாதை வருகிறது. படத்தில் எது பந்து, எது நிழல், எது பறவை என்று பிரித்தறிவது கணினிப் பார்வை என்ற துறை. செயற்கை நுண்ணறிவின் பழைய கிளைகளில் ஒன்று. இன்று ஆட்டக்காரரின் முழங்கால், தோள், கணுக்கால் எங்கே என்று சொல்வதெல்லாம் லட்சக்கணக்கான படங்களைப் பார்த்துப் பழகிய மென்பொருள்கள்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. மணிக்கு 140 கிலோமீட்டர் வேகத்தில் வரும் பந்து ஒரு நொடியில் சுமார் 39 மீட்டர் போகும். நொடிக்கு 25 படம் எடுக்கும் சாதாரண கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே பந்து ஒன்றரை மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். நொடிக்கு 340 படம் எடுத்தால் அந்த இடைவெளி 11 சென்டிமீட்டராகக் குறையும். குறையுமே தவிர இல்லாமல் போகாது. இடையில் பந்து எங்கே இருந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை, கணக்கு நிரப்புகிறது.

டென்னிஸில் கேட்கும் கேள்வி ‘பந்து எங்கே விழுந்தது?’ என்பது. அது நடந்துமுடிந்த விஷயம். எல்பிடபிள்யூவில் கேள்வியே வேறு. ‘கால் அங்கே இல்லாமல் இருந்திருந்தால் பந்து எங்கே போயிருக்கும்?’ இது நடக்காத விஷயம். கால்தான் குறுக்கே வந்துவிட்டதே. தரையில் பட்டு எழும்பியதிலிருந்து காலில் படும்வரை கிடைத்த சில புள்ளிகளை வைத்துக்கொண்டு, மீதித் தூரத்தை எந்திரம் ஊகிக்கிறது. திரையில் வரும் வண்ணப் பாதையின் முன்பகுதி அளவெடுத்தது, பின்பகுதி கணித்தது. இரண்டையும் ஒரே நிறத்தில் ஒரே கூர்மையில் வரைந்து காட்டுவதால் நாம் இரண்டையும் ஒன்றாக நம்பிவிடுகிறோம்.

முன்காலை நன்றாக நீட்டி ஆடும்போது பந்து ஸ்டம்பிலிருந்து இரண்டரை, மூன்று மீட்டர் தள்ளியே காலில் பட்டுவிடும். ஊகிக்கவேண்டிய தூரம் நீளும், பிழையும் கூடவே நீளும். பந்து குத்தியவுடனே காலில் பட்டால் இன்னும் சிக்கல். எழும்பிய பிறகு எந்தப் பக்கம் திரும்பியது என்று சொல்ல புள்ளிகளே போதாது. சுழற்பந்துக்கு இது பெரிய விஷயம்.

2011 பிப்ரவரி 27 பெங்களூரு ஆட்டம் பலருக்கு ஞாபகம் இருக்கும். இந்தியாவும் இங்கிலாந்தும் தலா 338 எடுத்து டை ஆன உலகக் கோப்பை ஆட்டம். யுவராஜ் சிங் பந்தில் இயன் பெல்லுக்கு எல்பிடபிள்யூ கேட்டார்கள், நடுவர் பில்லி பௌடன் மறுத்தார். ரிவியூவில் பந்து ஸ்டம்பில் போய் விழுவது திரையில் தெரிந்ததும் பெல்லே நடையைக் கட்டிவிட்டார். ஆனால் பந்து காலில் பட்ட இடம் ஸ்டம்பிலிருந்து 2.5 மீட்டருக்கும் அதிகம். அந்தத் தூரத்துக்கு மேல் ஊகத்தை அப்படியே நம்பக்கூடாது என்பது அன்றைய விதி. நாட் அவுட் நின்றது. மனிதன் பாதி எந்திரம் பாதி என்று கலப்பது சரியில்லை என்று தோனி குறைப்பட்டார். அன்றைக்கு எனக்கும் கோபம்தான். பின்னால் யோசித்துப் பார்த்தால், தன் கருவி எங்கே வரை நம்பத்தக்கது என்று ஒரு விளையாட்டு எழுதிவைத்த எல்லைக்கோடு அது.

அடுத்த மாதமே மொகாலியில் எதிர்ப்பக்கம் நடந்தது. அரையிறுதியில் சயீத் அஜ்மல் பந்தில் சச்சின் டெண்டுல்கருக்கு நடுவர் இயன் கூல்டு அவுட் கொடுத்தார். சச்சின் அப்போது 23. பந்து லெக் ஸ்டம்பைத் தாண்டிப் போகிறது என்று எந்திரம் சொன்னது, தீர்ப்பு மாறியது, அவர் 85 எடுத்தார். அது அவுட்தான் என்று அஜ்மல் பிறகும் சொல்லிக்கொண்டேயிருந்தார்.

சரி, அம்பயர்ஸ் கால் என்றால் கணக்கு என்ன? மூன்று ஸ்டம்பும் சேர்ந்து அகலம் 22.86 சென்டிமீட்டர். பந்தின் விட்டம் சுமார் 7.2. நடுவர் நாட் அவுட் கொடுத்திருந்தால், அதை மாற்றப் பந்தில் பாதியாவது ஸ்டம்ப் பகுதிக்குள் போகவேண்டும். பாதிக்கும் குறைவாகத் தொட்டால், அதாவது 3.6 சென்டிமீட்டருக்குள் உரசல் என்றால், நடுவர் முதலில் சொன்னதே நிற்கும். அவர் அவுட் என்றால் அவுட், இல்லை என்றால் இல்லை. இந்த எல்லையும் ஒரே இடத்தில் நிற்கவில்லை. 2016இல் ஸ்டம்பின் வெளி ஓரம்வரை பக்கவாட்டில் விரிந்தது, 2021இல் ஸ்டம்புகளின் மேல் வைக்கும் சிறு கட்டைகளான பெயில்ஸின் மேல்விளிம்புவரை உயர்ந்தது. 2017 முதல் அம்பயர்ஸ் கால் வந்தால் ரிவியூவை இழப்பதும் இல்லை.

பட்டால் அவுட், படாவிட்டால் இல்லை, இதில் பாதி, கால்வாசி என்ற பேச்சு எதற்கு என்பதுதான் எல்லோரும் வைக்கும் வாதம். சச்சின் 2020இல் சொன்னார், விராட் கோலி 2021இல் சொன்னார், 2024 ராஜ்கோட் டெஸ்டுக்குப் பிறகு பென் ஸ்டோக்ஸும் அம்பயர்ஸ் காலைத் தூக்கிவிடச் சொன்னார். மூவருமே விளையாட்டை நன்றாக அறிந்தவர்கள், அவர்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த வாதத்தின் அடியில், பந்து ஸ்டம்பில் ‘பட்டது’ என்ற நம்பிக்கை இருக்கிறது. பந்து எதிலும் படவில்லை. பட்டிருக்கக்கூடும் என்று ஒரு கணிப்பு சொல்கிறது. கணிப்பு ஓரமாக வரும்போது அது தவறாக இருக்கும் வாய்ப்பும் கூடுகிறது. அந்த இடத்தில் 22 கஜத்துக்கு அந்தப் பக்கம் நின்று ஆடுகளத்தின் உயரத்தையும் பந்தின் வேகத்தையும் அன்றைக்கு முழுதும் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதரின் முடிவுக்கு எடை கொடுப்பதில் என்ன தவறு?

ஸ்டோக்ஸ் கோபப்பட்டதற்குக் காரணமாக இருந்த ஜாக் கிராலியின் அவுட்டையும் பார்க்கவேண்டும். பும்ரா பந்து ஸ்டம்பைத் தொடாமல் போவதுபோலத்தான் படத்தில் தெரிந்தது, தீர்ப்போ அம்பயர்ஸ் கால், அவுட். கணக்கு சரி, வரைந்து காட்டிய படம்தான் தவறு என்பதே தங்களுக்குக் கிடைத்த விளக்கம் என்று ஸ்டோக்ஸ் சொன்னார். சேப்பாக்கத்திலும் வான்டர் டுசென் ரிவியூவில் முதலில் முழுமையடையாத படம் திரைக்கு வந்துவிட்டதாக ஐசிசி பிறகு விளக்கம் தரவேண்டியிருந்தது. நாம் பார்ப்பது கணக்கை அல்ல, கணக்குக்குப் போட்ட ஒப்பனையை. ரசிகனின் நம்பிக்கை உடைவது அங்கேதான்.

இந்த முறைக்கு முதல் சோதனைக் களம் இலங்கை. 2008 ஜூலையில் இந்திய அணி அங்கே டெஸ்ட் தொடர் ஆடப் போனபோது, நடுவர் தீர்ப்பை எதிர்த்துக் கேட்கும் உரிமை முதன்முதலாக ஆட்டக்காரர்களுக்குக் கிடைத்தது. இலங்கைக்கு அது பலமுறை பலித்தது, இந்தியாவுக்கு அநேகமாகப் பலிக்கவே இல்லை. தொடரையும் இந்தியா இழந்தது. அப்புறம் எட்டு வருடம் இந்தியா தன் இருதரப்புத் தொடர்களில் இந்த முறைக்குப் பெரும்பாலும் பிடிகொடுக்கவில்லை. பிடிவாதம் என்று உலகமே சொன்னது. ஆனால் பந்தின் பாதையைக் கணிப்பதில் எவ்வளவு பிழை இருக்கிறது என்று கேட்டதில் நியாயம் இருந்தது. கேமராக்கள் மேம்பட்ட பிறகு, 2016 நவம்பரில் இங்கிலாந்துக்கு எதிரான ராஜ்கோட் டெஸ்டில்தான் இந்தியா ஒத்துக்கொண்டது.

எந்திரம் வந்ததில் ஒரு நல்லது யாரும் எதிர்பார்க்காத பக்கத்திலிருந்து வந்தது. முன்பெல்லாம் முன்காலை நீட்டிவிட்டால் சுழற்பந்துக்கு எல்பிடபிள்யூ கொடுக்கவே நடுவர்கள் தயங்குவார்கள். ஆட்டக்காரர்களும் மட்டையைக் காலுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு காலாலேயே தடுப்பார்கள். அப்படிப்பட்ட பந்துகளில் எத்தனை ஸ்டம்புக்குப் போகின்றன என்று படம் காட்டக் காட்ட, நடுவர்களின் கண் மாறியது. தயங்காமல் விரலைத் தூக்கத் தொடங்கினார்கள். ஆட்டக்காரர்கள் மட்டையை முன்னால் கொண்டுவர வேண்டியதாயிற்று. எந்திரம் நடுவரைத் துரத்தவில்லை, அவருக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தது. இரண்டும் சேர்ந்து வேலை செய்ததில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

டென்னிஸ் வேறு வழியில் போனது. 2004 அமெரிக்க ஓபன் காலிறுதியில் செரீனா வில்லியம்ஸுக்கு எதிராக, ஜெனிஃபர் காப்ரியாட்டியுடனான ஆட்டத்தில், வரிசையாகத் தவறான தீர்ப்புகள். அந்தக் கொதிப்பு அடங்குவதற்குள் 2006இல் அதே போட்டியில் ஹாக்-ஐ வந்தது. சராசரிப் பிழை 3.6 மில்லிமீட்டர் என்று நிறுவனமே சொன்னது. ஆனால் பந்து கோட்டை ஒரு மில்லிமீட்டர் தொட்டது என்று திரை காட்டினால் அதுவே இறுதித் தீர்ப்பு. பிழைக்கான இடைவெளி என்று ஒன்று அங்கே கிடையாது. இரண்டு பேருக்கும் ஒரே கருவி, ஒரே அளவு, அதுபோதும் என்பது டென்னிஸின் பார்வை. அதிலும் அர்த்தம் உண்டு, ஏனென்றால் அங்கே கேட்பது நடந்துமுடிந்ததைப் பற்றி.

ஆனால் டென்னிஸ் அதோடு நிற்காமல் கோட்டு நடுவர்களையே அனுப்பிவிட்டது. 1877 முதல் நடக்கும் விம்பிள்டனில் 2025இல் அவர்கள் இல்லை. அந்த வருடமே, ஜூலை 6ஆம் தேதி சென்டர் கோர்ட்டில், அனஸ்தாசியா பாவ்லியுசென்கோவாவும் சோனே கார்ட்டலும் ஆடும்போது கார்ட்டல் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே விழுந்தது. எல்லோருக்கும் தெரிந்தது. எந்திரத்திடமிருந்து சத்தமே வரவில்லை. மைதானத்தின் ஒரு பகுதியில் அந்த அமைப்பைத் தவறுதலாக அணைத்துவைத்திருந்தார்கள். அந்தப் பாயிண்டைத் திரும்ப ஆடச் சொன்னார் நடுவர். கிடைத்திருக்கவேண்டிய கேமைப் பாவ்லியுசென்கோவா இழந்தார். கடைசியில் ஆட்டத்தை அவரே ஜெயித்தாலும் அந்தப் பாயிண்ட் திரும்ப வரவில்லை. அதற்குப் பிறகு, ஆட்டத்தின் நடுவே அதை அணைக்கவே முடியாதபடி செய்தார்கள். எனக்கு உறுத்துவது அணைந்தது அல்ல. கண்ணெதிரே வெளியே விழுந்த பந்தை வெளியே என்று அங்கே யாரும் சொல்லாமல் போனதுதான். பிரெஞ்சு ஓபன் மட்டும் செம்மண்ணில் பதியும் தடத்தையும் மனித நடுவர்களையும் இன்னும் வைத்திருக்கிறது. மற்ற செம்மண் போட்டிகளில் எந்திரம் ஒன்று சொல்ல, மண்ணில் இருக்கும் தடம் வேறொன்று சொல்கிறது. 2025 மாட்ரிட்டில் அலெக்ஸாண்டர் ஸ்வெரெவ் தன் கைப்பேசியை எடுத்து அந்தத் தடத்தைப் படம் பிடித்தார், எச்சரிக்கையும் வாங்கினார்.

கால்பந்தில் நிலைமை இன்னும் கடினம். 2022 கத்தார் உலகக் கோப்பையில் ஆஃப்சைடு, அதாவது பந்து தனக்கு அனுப்பப்படும் நொடியில் வீரர் தடுப்பாளர்களைத் தாண்டி முன்னால் நிற்கிறாரா என்று பார்க்க, மைதானக் கூரைக்குக் கீழே 12 கேமராக்கள். ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளை நொடிக்கு 50 முறை குறித்துக்கொள்ளும். பந்துக்குள் இருந்த உணரி நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும். முதல் ஆட்டத்தின் மூன்றாவது நிமிடத்திலேயே ஈக்வடாரின் என்னர் வலென்சியா போட்ட கோல் இதனால் ரத்தானது. இங்கேயும் கணக்குப் போடலாம். நொடிக்கு 8 மீட்டர் ஓடும் வீரர், 50இல் ஒரு பங்கு நொடியில் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். 2024 ஐரோப்பியக் கோப்பையில் டென்மார்க் ஜெர்மனிக்கு எதிராகப் போட்ட கோல், தாமஸ் டிலேனியின் கால்விரல் நுனி முன்னால் இருந்ததாகச் சொல்லி ரத்தானது. ஒரு சென்டிமீட்டர் என்று பயிற்சியாளர் காஸ்பர் ஹியூல்மண்ட் நொந்துகொண்டார். அடுத்த சில நிமிடத்தில் ஜெர்மனிக்கு பெனால்டி, டென்மார்க் வெளியேறியது. அந்த ஒரு சென்டிமீட்டரை அந்தக் கருவி நிச்சயமாகச் சொல்ல முடியுமா என்ற கேள்விக்குத் திரையில் இடமே இல்லை. வண்ணம் பூசிய பொம்மை, ஒரு மெல்லிய கோடு, அவ்வளவுதான். இங்கிலாந்து பிரீமியர் லீகோ 2021இல் ஆஃப்சைடு கோடுகளைத் தடிமனாக்கி, சந்தேகத்தின் பலனை கோல் அடிக்கப்போகும் பக்கத்துக்குக் கொடுத்தது. பேர்தான் வேறு, அதுவும் ஒரு அம்பயர்ஸ் கால்தான்.

ஜிம்னாஸ்டிக்ஸில் ஃபுஜிட்சு உருவாக்கிய அமைப்பு 2019இல் ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியில் வீரர்கள் ஆடும் கருவிகளில் சிலவற்றுக்கு மட்டும் வந்தது, 2023 ஆன்ட்வெர்ப்பில் பத்துக் கருவிகளுக்கும் விரிந்தது. உடல் எந்தக் கோணத்தில் வளைந்தது என்று அது சொல்லும். நடுவர்களுக்கு உதவியாகவே அதை வைத்திருக்கிறார்கள். பேஸ்பாலில் அமெரிக்காவின் மேஜர் லீக் 2026க்கு ஏற்றுக்கொண்டதும் அப்படித்தான்: ஒவ்வொரு பந்துக்கும் மனித நடுவர் தீர்ப்பு சொல்வார், இரண்டு முறை தவறாகும்வரை ஓர் அணி எந்திரத்திடம் முறையிடலாம். கொரியாவில் 2024 முதல் எல்லாப் பந்தையும் எந்திரமே பார்க்கிறது.

அளவு துல்லியமாக இருந்தாலும் சண்டை தீராது என்பதற்கு 2024 ஐபிஎல் ஒரு சாட்சி. ஈடன் கார்டனில் ஹர்ஷித் ராணா வீசிய உயரமான ஃபுல் டாஸில் கோலி கேட்ச் கொடுத்தார். இடுப்புக்கு மேல் வந்த நோ பால் என்று வாதாடினார். கிரீஸில் நிமிர்ந்து நிற்கும்போது அவர் இடுப்பு உயரம் 1.04 மீட்டர் என்று முன்பே அளந்துவைத்திருந்தார்கள். பந்து கிரீஸை அடையும்போது 0.92 மீட்டரில் இருந்திருக்கும் என்றது எந்திரம். அவுட். கோலி நின்றதோ கிரீஸுக்கு வெளியே, பந்து அவரை அடைந்தபோது இன்னும் மேலேதான் இருந்தது. எந்திரம் விதிப்படி பேசியது, கோலி கண்ணால் பார்த்ததைப் பேசினார்.

நம்மூர் டிஎன்பிஎல்லில் 2023இல் நடந்ததும் இதே வகை. கேட்ச் அவுட் என்ற தீர்ப்பை மட்டையாளர் ரிவியூ செய்து மாற்றிவிட்டார். உடனே திண்டுக்கல் அணித்தலைவர் அஸ்வின், மாறிய தீர்ப்பையே மறுபடி ரிவியூ செய்தார். ஒலி வரைபடத்தில் ஒரு துடிப்பு இருந்தது. அது பந்து மட்டையில் பட்ட சத்தமா, மட்டை தரையில் பட்ட சத்தமா? கருவி சத்தத்தைத்தான் காட்டும். சத்தத்துக்குக் காரணம் யாராவது பார்த்துச் சொல்லவேண்டும். மூன்றாவது நடுவர் இரண்டாவது முறையும் பார்த்துவிட்டு நாட் அவுட் என்றே சொன்னார்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹாக்-ஐ கேமராக்கள் உள்ள மைதானங்கள் சொற்பம். மாவட்ட லீக், கல்லூரி ஆட்டம், பெண்கள் போட்டிகளில் பெரும்பாலானவை எல்லாம் ஒரு நடுவரின் கண்ணை நம்பியே நடக்கின்றன. மேலே எந்திரம் மட்டுமே தீர்ப்பு சொல்லும் என்று ஆகிவிட்டால், கீழே ஆடுவது வேறு விளையாட்டாகிவிடும். அம்பயர்ஸ் கால் இருக்கும்வரை சேப்பாக்கத்தில் நிற்பவரும் வேலூர் லீக் மைதானத்தில் நிற்பவரும் ஒரே வேலையைச் செய்கிறார்கள்.

மாற்ற வேண்டியது விதியை அல்ல, படத்தை. பந்து காலில் படும்வரை கோடு கூர்மையாக இருக்கட்டும். அதற்குப் பிறகு, தூரம் போகப் போக அது விரிந்து மங்கட்டும், கணிப்பு எவ்வளவு உறுதியற்றதோ அவ்வளவு அகலமாக. ஷம்சிக்கு வந்த பந்தை அப்படி வரைந்து காட்டியிருந்தால், லெக் ஸ்டம்பின் ஓரத்தில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஒரு மங்கல் தெரிந்திருக்கும். வார்ஃப் அன்று எதைப் பார்த்து மறுத்தாரோ, அதையே சேப்பாக்கத்தில் இருந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள்.